மெட்டு எப்போது முடிவாகிறது?

கம்ப்யூட்டர் வந்தது, பாட்டில் இருந்த உயிர் போச்சு. எங்கள் திருத்தணியில் நாற்பதைத் தாண்டிய யாரிடம் சினிமாப் பேச்சுக் கொடுத்தாலும் பத்து நிமிஷத்தில் இந்த இடத்துக்கு வந்துவிடுவார்கள். மலைக்கோயில் ஸ்பீக்கரில் பழைய பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் ஐந்து நிமிஷமே போதும். எனக்கும் அந்த வயசுதான். ஆனாலும் இந்தப் புலம்பலில் சேர மனசு ஒப்பவில்லை. உயிர் போச்சு, வந்துச்சு என்பதெல்லாம் அவரவர் காதைப் பொறுத்த விஷயம். என் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் வேறு. ஒரு பாட்டு எந்தக் கட்டத்தில் முடிவாகிறது, அதை யார் முடிவு பண்ணுகிறார்கள் என்பதை இந்த மெஷின்கள் தலைகீழாக்கிவிட்டன. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இசையைப் பற்றிப் பேசத் திருத்தணிக்காரனுக்கு என்ன பாத்தியதை என்று கேட்பீர்களானால், நிறையவே இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் தன் முதல் கீர்த்தனையைப் பாடியது எங்கள் மலையில். முருகன் ஒரு பெரியவர் வடிவில் வந்து, வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டைப் போட்டுவிட்டு மறைந்தார், அந்த வாயிலிருந்து ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ வந்தது என்பது ஐதீகம். ராகம் மாயாமாளவகௌளை. பாட்டு வகுப்புக்குப் போகிற குழந்தை சரளி வரிசையில் முதலில் பாடுவதும் அதே ராகம்தான். 1960 ஏப்ரல் வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது, ம.பொ.சி. போன்றவர்கள் போராடி இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் ஆந்திர எல்லைக்குள் நகரிப் பக்கம் போனால் ஓர் இசையமைப்பாளரின் பெயர் கீரவாணி, இங்கே வந்தால் அதே ஆள் மரகதமணி. இரண்டு மொழிச் சினிமாப் பாட்டையும் ஒரே பஸ்ஸில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மாயாமாளவகௌளையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் பழைய முறை. எம்.எஸ்.வி. - ராமமூர்த்தி காலத்தில் பாடகர், வயலின் கோஷ்டி, தபேலா, புல்லாங்குழல் எல்லோரும் ஒரே ஹாலில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் பாட வேண்டும், வாசிக்க வேண்டும். மைக்குகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். யாருடைய சத்தம் தூக்கலாக இருக்க வேண்டுமோ அவரை மைக்குக்குப் பக்கத்தில் தள்ளி உட்கார வைப்பார்கள். மிக்ஸிங் என்றால் அன்றைக்கு நாற்காலியை நகர்த்துவதுதான்! மூன்றாவது சரணத்தில் தபேலாக்காரர் ஒரு அடி தவறினால் மொத்தப் பேரும் பல்லவியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் ஹாலுக்குள் போவதற்கு முன்பே எல்லாம் முடிவாகியிருக்கும். டைரக்டர், கவிஞர், இசையமைப்பாளர் மூன்று பேரும் ஆர்மோனியப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து ‘கம்போசிங்’ நடத்துவார்கள். அங்கே மெட்டு ஓகே ஆனால் ஆனதுதான். பிறகு ஒத்திகை, பிறகு டேக். மனசு மாற அவகாசமே கிடையாது.

இளையராஜா 1976ல் ‘அன்னக்கிளி’யோடு வந்தபோது இந்த முறை இன்னும் இறுகியது. அவர் ஆர்மோனியத்தோடு நிற்கவில்லை. எந்த வயலின் எந்த ஸ்வரம், கிடார் எங்கே நுழைய வேண்டும், பேஸ் எப்படி நடக்க வேண்டும் என்று முழு ஸ்கோரையும் காகிதத்தில் எழுதிவிடுவார். உதவியாளர்கள் அதைப் பிரித்து ஒவ்வொருவர் ஸ்டாண்டிலும் வைப்பார்கள். வாசிப்பவர்கள் அந்த நோட்ஸைப் பார்த்து வாசிக்கும்போதுதான் பாட்டையே முதல்முறையாகக் கேட்பார்கள். காலையில் எழுதின பாட்டு சாயங்காலத்துக்குள் டேப்பில். ஒரே நாளில் இத்தனை அழகான பாட்டு எப்படி என்று வியக்கிறோம். எனக்கென்னவோ, ஒரே நாளில் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் அந்த அழகுக்கு ஒரு காரணம் என்றுதான் படுகிறது.

இதற்கிடையில் வேறு இடங்களில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். பம்பாயில் இந்திப் பட இசைக்குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982ல் ரோலண்ட் கம்பெனிப் பெட்டிகளை இணைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு எல்.பி. ரெக்கார்டு போட்டார். ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. 2010ல் அது மறுபடி வெளியானபோதுதான், சிகாகோவில் பிற்பாடு பிறந்த ஆசிட் ஹவுஸ் என்கிற நடன இசையை இந்த மனுஷன் முன்னாலேயே வாசித்துவிட்டாரே என்று வெள்ளைக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். நம் நாட்டில் மெஷின் இசையின் ஆரம்பக் கதைகளில் ஒன்று இப்படி யாருக்கும் தெரியாமல் போன கதை.

1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் வேறு வேறு கம்பெனிகளின் இரண்டு கீபோர்டுகளை ஒரு வயரால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றை அமுக்கினால் இன்னொன்று பாடியது. அதுதான் மிடி. அந்த வயரில் சத்தம் போவதில்லை, கட்டளைதான் போகிறது. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்போது கையை எடுத்தார்கள், அவ்வளவுதான். கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் சினிமா இசையைப் புரட்டிப்போட்டது இந்தச் சாதாரண விஷயம்தான். டேப்பில் பதிவான பாட்டை வேகமாக ஓட்டினால் சுருதி ஏறிவிடும், எஸ்.பி.பி. குரல் குழந்தைக் குரலாகிவிடும். மிடியில் பதிந்ததை வேகமாக்க ஒரு எண்ணை மாற்றினால் போதும், சுருதி அப்படியே நிற்கும். வயலினாக வாசித்ததைப் புல்லாங்குழலாக மாற்றலாம். ‘சார், அரைக் கட்டை ஏத்திப் பார்க்கலாமா?’ என்று டைரக்டர் கேட்டால், முன்பு ஹாலில் இருக்கும் அத்தனை பேரும் மறுபடி வாசிக்க வேண்டும். இப்போது ஒரு பட்டன். ஆக, ‘ஆனது ஆச்சு’ என்ற நிலைமை போவதற்கு அன்றே வழி பிறந்துவிட்டது.

தமிழில் கம்ப்யூட்டர் இசை என்று ஊரெல்லாம் பேச்சானது 1986ல். ‘விக்ரம்’, அடுத்து அந்தத் தீபாவளிக்கு ‘புன்னகை மன்னன்’. வேடிக்கை என்னவென்றால், அதைச் செய்ததும் காகிதத்தில் எழுதுகிற அதே இளையராஜாதான். அவர் மெஷினையும் ஒரு வாத்தியக்காரர் மாதிரியே நடத்தினார் என்பது என் கணிப்பு. ‘இதோ உன் நோட்ஸ், இதை வாசி’ என்கிற ரகம். மெஷின் அதிசுத்தமாக வாசித்தது, தாளம் கடிகாரம் மாதிரி நின்றது. ஆனால் வேலை செய்கிற வரிசை மாறவில்லை. முதலில் முடிவு, பிறகு பதிவு.

வரிசையை மாற்றியவர் ரஹ்மான். அப்பா ஆர்.கே. சேகர் இறந்தபோது பையனுக்கு ஒன்பது வயசு. அவர் விட்டுப்போன இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் வீட்டில் காலம் தள்ளினார்கள். அந்தப் பிள்ளைக்குக் கருவி என்றால் வெறும் கலைப்பொருளாக இருந்திருக்காது, அரிசி பருப்பும் அதில்தான் வந்தது. வளர்ந்து மற்ற இசையமைப்பாளர்களிடம் கீபோர்டு வாசித்து, லியோ காபி போன்ற விளம்பரங்களுக்கு இசை போட்டு, கோடம்பாக்கத்தில் வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு ஸ்டூடியோ கட்டிக்கொண்டார். பஞ்சதன் ரெக்கார்ட் இன். 1992 ஆகஸ்ட் 15ல் ‘ரோஜா’ வந்தது, முதல் படத்துக்கே தேசிய விருது.

அந்த ஸ்டூடியோ சொந்தமானது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பெரிய ஸ்டூடியோவில் கால்ஷீட் கணக்கு. திரை இசைக் கலைஞர்களைச் சங்கமாகத் திரட்டியவர்களில் முக்கியமானவர் எம்.பி. சீனிவாசன். அவரைப் போன்றவர்கள் போராடித்தான் வேலை நேரம், சம்பளம் எல்லாவற்றுக்கும் ஒரு ஒழுங்கு வந்தது. ஆகவே அறுபது பேரை உட்கார வைத்துக்கொண்டு ‘யோசிக்கிறேன், இருங்கள்’ என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு நிமிஷமும் தயாரிப்பாளர் பணம். சொந்த அறையில், ராத்திரியில், மெஷினோடு தனியாக இருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. விடிய விடிய யோசிக்கலாம். பாடகர் தனியாக வருவார், வெறும் தாளத்தையும் ஒரு சுருதியையும் போட்டு ‘பாடுங்க’ என்பார்கள். ஒரே வரியை நான்கு விதமாகப் பாடச் சொல்வார்கள், சும்மா ஆலாபனை பண்ணச் சொல்வார்கள். எல்லாவற்றையும் பதிந்து வைத்துக்கொண்டு, பிறகு வெட்டி, ஒட்டி, இடம் மாற்றி, பாட்டு உண்டாகும். கேசட் வந்த பிறகுதான் தான் என்ன பாடினோம் என்றே தெரிந்தது என்று பல பாடகர்கள் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். கம்போசிங் முடிந்து ரெக்கார்டிங் என்பது போய், ரெக்கார்டிங் முடிந்து கம்போசிங் என்று ஆனது. முப்பது வருஷமாக நம் சினிமா இசை இந்தத் தடத்தில்தான் ஓடுகிறது. ஹாரிஸ் ஜெயராஜ் பல இசையமைப்பாளர்களுக்கு ப்ரோகிராமராக இருந்து 2001ல் ‘மின்னலே’யோடு வந்தார். சவுண்ட் இன்ஜினியராக இருந்த சந்தோஷ் நாராயணன் 2012ல் ‘அட்டகத்தி’யோடு வந்தார். ஆர்மோனியம், கச்சேரி மேடை என்று இருந்த நுழைவாயிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கதவு திறந்தது.

இப்போது மாயாமாளவகௌளைக்கு வருவோம். அதில் வருவது சுத்த ரிஷபம். ஸட்ஜத்துக்கு மிக நெருக்கத்தில் நின்று, நாதஸ்வரக்காரர் வாசிக்கும்போது லேசாக அசையும். ஒரே இடத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றால் அது அந்த ரிஷபமே இல்லை. கீபோர்டில் அதற்கு ஒரு கட்டைதான். அமுக்கினால் நிற்கும், அசையாது. அசைக்க ஓரத்தில் ஒரு சக்கரம் உண்டு. அதன் மொத்தத் தூரத்தை மிடி 16,384 படிகளாகப் பிரிக்கிறது. எங்கள் மலைக்கு 365 படி, இதற்குப் பதினாறாயிரம்! ஆனாலும் ஒரு சிக்கல். அந்தச் சக்கரத்தை உருட்டினால் அந்தத் தடத்தில் ஒலிக்கும் எல்லா ஸ்வரமும் சேர்ந்து அசையும், ஒன்றை நிறுத்தி ஒன்றை மட்டும் அசைக்க முடியாது. பியானோவை மனசில் வைத்துச் செய்த மெஷின், கமகம் என்கிற நம் அசைவுக்கு அது பதில் வைத்திருக்கவில்லை. 1997ல் வந்த ஆட்டோட்யூன் இன்னும் மோசம். அதைக் கண்டுபிடித்த ஆண்டி ஹில்டிபிராண்ட், எண்ணெய் தேடும் வேலையில் பூமிக்கடியில் இருந்து வரும் அதிர்வுகளைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தவர். அந்தக் கணக்கைக் குரல் பக்கம் திருப்பினார். பாடகர் சுருதி விலகினால் பக்கத்து ஸ்வரத்துக்கு இழுத்துவிடும். கமகம் என்பதே விலகுவதுதானே? கவனமில்லாமல் போட்டால் கமகத்தையே பிசகு என்று நினைத்துச் சலவை பண்ணிவிடும். இன்றைய பாட்டுகளில் ‘உயிர் இல்லை’ என்று எங்கள் ஊர்க்காரர்கள் சொல்வது பாதி இந்தச் சலவைதான் என்று நினைக்கிறேன்.

இதற்கு மாற்றும் மெஷினிலேயே வந்தது. கட்டைகளே இல்லாமல், விரலை வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி கண்டினுவம் என்று ஒரு கருவி. ரஹ்மான் அதை 2009ல் வந்த ‘டெல்லி 6’ படத்தில் வாசித்திருக்கிறார். ஒவ்வொரு விரலின் அசைவையும் தனித்தனியாக அனுப்ப இப்போது மிடியிலேயே வழி வந்துவிட்டது. ஆக, குறை மெஷினில் என்று சொல்லி நாம் தப்பிக்க முடியாது.

இதற்கு உதாரணமாக எங்கள் ஊரிலேயே ஒரு பையன் இருக்கிறான். முருகன் பாட்டு ஆல்பங்களுக்கும் யூடியூப் குறும்படங்களுக்கும் இசை போடுகிறான். பத்துக்குப் பத்து அறை, ஒரு லேப்டாப், சின்னதாக ஒரு மிடி கீபோர்டு, மாட்டு வண்டிச் சத்தம் முதல் மின்சார ரயில் சத்தம் வரை உள்ளே வராமல் இருக்க ஜன்னலில் பழைய மெத்தை. ஆடிக் கிருத்திகைக்குப் பம்பைக்காரர்கள் காவடிகளோடு வந்தபோது மலையடிவாரத்தில் நின்று ரெக்கார்ட் பண்ணி வைத்திருக்கிறான். போய்ப் பார்த்தேன். ஸ்க்ரீனில் அந்தச் சத்தம் முள்ளு முள்ளாக நிற்கிறது, பின்னால் மெஷினின் தாளத்தைக் காட்டும் கோடுகள் சரிசமமாக. முதல் சில அடிகள் கோட்டின் மேல் விழுகின்றன, போகப் போக ஒவ்வொரு அடியும் கோட்டுக்கு முன்னால் முன்னால் தள்ளிப்போகிறது.

“கிளிக்ல உக்கார மாட்டேங்குதுணா,” என்றான். “தொண்ணூத்தி ஆறுல ஆரம்பிக்கிறாங்க. சாமி வர்ற நேரத்துல நூத்திப் பத்த தாண்டிடுது.”

“இழுத்துக் கோட்டுல உக்கார வெச்சிட முடியாதா?”

“ஒரு பட்டன் அமுக்கினா உக்காந்துடும். ஆனா அப்புறம் யாருக்கும் சாமி வராதுணா.”

அவன் செய்தது வேறு. பம்பையைத் தொடாமல் கோடுகளை நகர்த்தியிருந்தான். அடி எங்கே விழுகிறதோ அங்கே கோடு. தாளம் மெஷினுக்குப் பின்னால் ஓடாமல், மெஷின் தாளத்துக்குப் பின்னால் ஓடுகிறது. ஒரு நிமிஷப் பாட்டுக்கு ராத்திரி முழுக்க ஆயிற்றாம். பட்டன் அமுக்கினால் ஒரு நொடி. ‘கம்ப்யூட்டர் உயிரை எடுத்துவிட்டது’ என்பவர்களை அந்த அறைக்கு அழைத்துப்போய் உட்கார வைக்க வேண்டும் போல இருந்தது. எடுப்பது அந்த ஒரு நொடிச் சோம்பேறித்தனம்.

ஆனால் முடிவைத் தள்ளிப்போடுவதில் ஒரு பெரிய கெடுதல் உண்டு, அது பின்னணி இசையில்தான் அதிகம். முன்பெல்லாம் ரீரெக்கார்டிங் தியேட்டரில் ஒவ்வொரு ரீலாகத் திரையில் ஓட்டுவார்கள். ஆயிரம் அடி, பதினொரு நிமிஷம். இளையராஜா ஒருமுறை பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்துவிடுவார் என்பது கோடம்பாக்கம் முழுக்கத் தெரிந்த விஷயம். படம் எடிட் ஆகி முடிந்திருக்கும், இனி ஒரு ஃப்ரேம் கூட நகராது. இசைக்காரருக்கு எதிரே நிற்பது முடிந்த ஒரு பொருள். இன்றைக்குப் படமே கம்ப்யூட்டரில் இருப்பதால் ரிலீசுக்கு முந்தின வாரம்வரை வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நாற்பது நொடிக்குப் போட்ட இசை, காட்சி முப்பத்தொன்றானதும் நடுவில் கத்தரிக்கப்படுகிறது. அதைவிடக் கொடுமை, எடிட்டிங் டேபிளிலேயே ஏதாவது ஹாலிவுட் படத்தின் இசையைத் தற்காலிகமாகப் போட்டு ஓட்டுவது. டைரக்டர் இரண்டு மாசம் அதையே கேட்டுக் கேட்டுப் பழகிவிடுவார். கடைசியில் இசையமைப்பாளரிடம் ‘இதே மாதிரி, ஆனா இது இல்லாம’ என்பார். இந்தியாவில் மட்டும் இல்லை, ஹாலிவுட்டிலும் இதே அழுகைதான். சண்டைக் காட்சி வந்தாலே எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி ‘டும் டும்’ கேட்கிறதே என்று நினைத்திருப்பீர்கள். ஒரே சத்த நூலகங்களை எல்லோரும் வாங்கி வைத்திருப்பது ஒரு காரணம், இந்தத் தற்காலிக இசை இன்னொரு காரணம்.

முடிவு இனி எவ்வளவு தூரம் தள்ளிப்போகும் என்பதற்கு 2024 ஒரு சாட்சி. ‘லால் சலாம்’ படத்துக்காக, காலமான பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவு மூலம் ரஹ்மான் பாட வைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, அதற்கான பணமும் கொடுத்ததாக அவரே சொன்னார். அதே வருஷம் ‘கோட்’ படத்தில் யுவன், ஜனவரியில் மறைந்த தன் அக்கா பவதாரிணியின் குரலை அதே வழியில் கொண்டுவந்தார். பவதாரிணி விஷயத்தில் எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை. ஆனால் கலைஞர் இல்லாதபோது அவர் என்ன பாட வேண்டும் என்பதை வேறொருவர் முடிவு செய்கிறார் என்பதை யோசித்தால் கொஞ்சம் உதறல்தான். அனுமதி கேட்கும் ரஹ்மான்களோடு இது நிற்கப்போவதில்லை.

இன்னொரு பக்கம், 2025 மார்ச் 8ல் இளையராஜா லண்டனில் தன் ‘வேலியண்ட்’ சிம்பொனியை அரங்கேற்றினார். எண்பதைத் தாண்டிய மனிதர், ஒவ்வொரு ஸ்வரத்தையும் முன்கூட்டியே முடிவு செய்து காகிதத்தில் எழுதி, ராயல் பில்ஹார்மானிக் கலைஞர்கள் முன்னால் வைத்தார். இரண்டு முறைகளும் நம் இசையுலகில் ஒரே காலத்தில் நடக்கின்றன. இதில் எது உசத்தி என்று சண்டை போட எனக்கு விருப்பமில்லை. எப்போது முடிவெடுக்க வேண்டும் என்று தெரிந்தவர் இரண்டிலும் ஜெயிக்கிறார்.

எனக்குள்ள வருத்தம் ஒன்றுதான், அது ஹாலில் உட்கார்ந்து வாசித்தவர்களைப் பற்றியது. வயலின்காரர்கள் ஐம்பது பேர் போய் ஒரு சாஃப்ட்வேர் வந்தது. பெரிய படமென்றால் வயலின் பகுதியை இன்டர்நெட் வழியாகவே புடாபெஸ்டில் வாசிக்க வைத்து வாங்குகிறார்கள். சென்னையில் அந்த வேலையை நம்பியிருந்த குடும்பங்கள் என்னவாயின என்று யாரும் பேசுவதில்லை. மெஷின்காரர் என்று எல்லோரும் பழித்த ரஹ்மான்தான் இதில் ஒரு நல்ல வழக்கத்தைப் பிரபலமாக்கினார். கேசட் அட்டையில் புல்லாங்குழல் யார், பேஸ் கிடார் யார் என்று பெயர் போட்டார். நவீன், கீத் பீட்டர்ஸ், சிவமணி என்ற பெயர்களெல்லாம் நமக்கு அப்படித்தான் பழக்கமாயின. அதற்கு முன்னால் எத்தனை அருமையான வாசிப்புகளை யாருடையது என்றே தெரியாமல் ரசித்திருக்கிறோம்! கேசட் போய், சி.டி. போய், போனில் பாட்டு ஓடும் இந்தக் காலத்தில் அந்தப் பெயர்கள் மறுபடியும் காணாமல் போகின்றன.

இதைப் படிக்கிறவர்களில் சின்னதாக ஒரு ஆல்பமோ குறும்படமோ எடுக்கிறவர்கள் இருந்தால் ஒரு கோரிக்கை. யூடியூபில் போடும்போது கீழே இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள், பம்பை யார், நாதஸ்வரம் யார், எந்த ஊர் என்று. திருவிழாவில் போனை நீட்டிப் பதிந்திருந்தால் அவர்களிடம் கேட்டுக்கொண்டு போடுங்கள், கையில் ஏதாவது கொடுங்கள். அந்தப் பையனிடமும் சொல்லியிருக்கிறேன். பம்பைக்காரர்கள் பள்ளிப்பட்டுப் பக்கத்து ஆட்களாம், அடுத்த வாரம் போய்ப் பெயர் கேட்டு வருகிறேன் என்றிருக்கிறான். அதுவரை பாட்டை வெளியிடுவதாக இல்லை.